வாடைக் காலத்தில் ஓடாத எஞ்சினின் வயது

திருகோணமலைக் கரையோரத்து உப்புவெளியில் எங்கள் வீட்டின் பின்புறத்தில், தகரம் வேய்ந்த ஒரு கொட்டிலில், அப்பா மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்தி வருகிறார். நான் விமானப் பொறியியல் படிக்கிறேன். விமான எஞ்சின்களிலிருந்து வரும் அளவீடுகளைக் கொண்டு, ஒரு பாகம் எப்போது பழுதடையும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அதற்கேற்பப் பராமரிப்பைத் திட்டமிடுவதே எனது இறுதியாண்டு ஆய்வின் பொருள். இந்த இரண்டு தொழில்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன என்பது, சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்து, அப்பா வேலைக் கணக்கு எழுதிவந்த பழைய சீஆர் கொப்பிகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கொப்பிகள் எனது ஆய்வைக் குழப்பிவிட்டன. அந்தக் குழப்பத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு, அது முடிந்ததும் கழற்றிவிட வேண்டும் என்பதுதான் பராமரிப்பைப் பற்றிப் பலருடைய எண்ணம். ஒரு காலத்தில் விமான நிறுவனங்களும் ஏறக்குறைய அப்படியே நினைத்தன. 1978இல், யுனைட்டட் எயர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நோலன், ஹீப் என்ற இரு பொறியியலாளர்கள் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்காக எழுதிய அறிக்கை அந்த எண்ணத்தை அசைத்தது. அவர்கள் ஆராய்ந்த பாகங்களில் 11 வீதமானவற்றுக்கு மட்டுமே வயதெல்லை வைப்பதால் பயன் இருந்தது. 68 வீதமானவை புதிதாகப் பூட்டப்பட்ட தொடக்க நாட்களில் அதிகமாகப் பழுதடைந்து, அதைக் கடந்துவிட்டால் வயதைப் பற்றிக் கவலையின்றி ஓடின. டிசி-8 விமானத்தில் 339 பாகங்களைக் குறித்த காலத்தில் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும் என்றிருந்த விதி, அடுத்த தலைமுறையான டிசி-10இல் 7 பாகங்களாகச் சுருங்கியது. வயதைப் பாராதே, நிலையைப் பார் என்ற அந்தக் கொள்கையின் பேரப்பிள்ளைதான் நான் படிக்கும் தரவு வழிப் பராமரிப்பு.

இந்தத் துறைக்குள் நுழையும் மாணவர் பெரும்பாலும் முதலில் தொடுவது நாசா வெளியிட்ட சி-மேப்ஸ் என்ற தரவுத் தொகுதியை. அதன் முதற் பிரிவில், ஆயுளை மதிப்பிடும் கணினி மாதிரியைப் பயிற்றுவதற்கு 100 எஞ்சின்கள், அது கற்றதைச் சோதிப்பதற்கு 100 எஞ்சின்கள். ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் இயக்க நிலையைச் சொல்லும் 3 எண்களும், வெப்பநிலை, அமுக்கம், சுழல்வேகம் போன்றவற்றைச் சொல்லும் 21 சென்சர் எண்களும் உண்டு. பயிற்சி எஞ்சின்கள் யாவும் முற்றாகப் பழுதடையும்வரை ஓடியவை. மிகக் குறுகிய ஆயுள் 128 பறப்புகள், மிக நீண்டது 362. 21 சென்சர்களில் ஏழு, தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய அசைவதே இல்லை. அவற்றைத் தூக்கி எறிவதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை.

எனது முதலாவது மாதிரி வியக்கத்தக்க துல்லியத்தோடு விடை சொன்னது. இரண்டு நாட்கள் யாரிடமும் சொல்லாமல் மகிழ்ந்திருந்தேன். மூன்றாம் நாள் விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பயிற்சிக்கும் சரிபார்ப்புக்குமாகத் தரவைப் பிரித்தபோது வரிகளைப் பிரித்தீர்களா, எஞ்சின்களைப் பிரித்தீர்களா? நான் வரிகளைத்தான் பிரித்திருந்தேன். ஒரே எஞ்சினின் 150ஆவது பறப்பு பயிற்சியிலும் 151ஆவது பறப்பு சரிபார்ப்பிலும் இருந்தால், மாதிரி எஞ்சினின் தேய்வைக் கற்கத் தேவையில்லை. அந்த எஞ்சினை அடையாளம் கண்டுகொண்டாலே போதும். முழு எஞ்சின்களாகப் பிரித்து மறுபடியும் ஓட்டியபோது, பிழை பல மடங்காகப் பெருகியது. இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் குறிப்புகள் சிலவற்றிலும் இதே தவறு சிரித்துக்கொண்டு நிற்கிறது.

அந்தத் தவறைத் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாத ஒன்றை அந்தத் தரவின் விளக்கக் குறிப்பில்தான் கண்டேன். அந்த எஞ்சின்கள் எதுவும் உண்மையில் பறந்தவை அல்ல. யாவும் கணினிக்குள் ஓடியவை. காரணம் எளிது. பயணிகளை ஏற்றிய விமானத்தில் ஓர் எஞ்சின் சாகும்வரை ஓடட்டும், நாம் தரவு சேகரிப்போம் என்று எந்த நிறுவனமும் விடாது. பராமரிப்பு நன்றாக நடக்கும் இடத்தில் பழுது நிகழ்வதற்கு முன்பே பாகம் கழற்றப்பட்டுவிடும். பழுது நிகழாத இடத்தில் பழுதைப் பற்றிக் கற்கவும் முடியாது. நாம் கற்க விரும்பும் பாடத்தை நமது நல்ல பழக்கமே அழித்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது: முதற் பிரிவின் எஞ்சின்கள் ஓடிய ஒரே நிலை ‘கடல் மட்டம்’ என்று எழுதப்பட்டிருந்தது. உப்புவெளியில் வளர்ந்த எனக்கு அதை வாசித்ததும் சிரிப்பு வந்தது. அந்தக் கடல் மட்டத்தில் உப்பு இல்லை.

அப்பாவின் கொப்பிகளுக்கு வருகிறேன். நாள், வள்ளக்காரரின் பெயர், எஞ்சினின் குதிரைவலு, செய்த வேலை, பெற்ற பணம், மிச்சம் என ஆறு நிரல்கள். பல ஆண்டுகளுக்கானவை. இவ்வளவு உண்மையான தரவு வீட்டின் அலுமாரிக்கு மேலேயே கிடந்திருக்கிறதே என்று உற்சாகத்தோடு உட்கார்ந்தேன். எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீரை இழுத்துத் தள்ளும் இம்பெலர் என்ற ரப்பர் சில்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது தேயும், மாற்றப்படும், விலையும் பெரிதல்ல, ஆகவே பதிவுகள் நிறைய இருக்கும் என்று கணக்கிட்டேன்.

பதிவுகள் நிறையவே இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் ‘இம்பெலர் மாத்தியது’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. பழையது கிழிந்து போனதால் மாற்றியதா, நன்றாக இருந்தும் வேறு வேலைக்காகத் திறந்தபோது கையோடு மாற்றியதா என்பது இல்லை. கடன் பாக்கியைப் பற்றி மட்டும் ஓர் எழுத்துப் பிசகு கூட இல்லை. யோசித்துப் பார்த்தால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை: அந்தக் கொப்பி கடனை நினைவில் வைத்திருப்பதற்காக எழுதப்பட்டது, எஞ்சினைப் புரிந்துகொள்வதற்காக அல்ல. விமானங்களின் பராமரிப்புப் பதிவேடும் அதே இயல்புடையதுதான். விமானம் பறக்கத் தகுதியுடையது என்று ஒருவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பதற்கான ஆவணம் அது. ‘பரிசோதிக்கப்பட்டது, குறை காணப்படவில்லை’ என்ற வரி சட்டத்துக்குப் போதும். பத்தாண்டு கழித்து அதைக் கணினியில் ஏற்றும் மாணவிக்குப் போதாது. கழற்றி அனுப்பிய பாகம் பட்டறையில் எந்தக் குறையும் இன்றி ஓடுவதும், அதே விமானத்தில் அதே முறைப்பாடு மறுபடி எழுவதும் இந்தத் தொழிலில் இருப்போர் அன்றாடம் சலித்துக்கொள்ளும் விடயம்.

நன்றாக இருக்கும்போதே கழற்றப்பட்ட பாகங்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதுதான் இந்தத் துறையின் மூலக்கேள்வி என்று இப்போது நினைக்கிறேன். பத்து இம்பெலர்கள் என்று கொள்வோம். மூன்று, முறையே 200, 300, 400 மணித்தியாலங்களில் கிழிந்தன. மற்ற ஏழும் 300 மணித்தியாலத்தில் நல்ல நிலையில் கழற்றப்பட்டன. கிழிந்தவற்றை மட்டும் பார்த்தால் சராசரி ஆயுள் 300 மணித்தியாலம். ஆனால் அந்த ஏழும் 2,100 மணித்தியாலங்கள் கிழியாமல் ஓடியிருக்கின்றனவே? பத்தும் சேர்ந்து ஓடியது 3,000 மணித்தியாலம், கிழிந்தது மூன்று முறை; பழுது எந்த வயதிலும் ஒரே சீராக வரும் என்று எடுத்துக்கொண்டால் சராசரி 1,000 மணித்தியாலமாகிறது. ரப்பர் தேயும் பொருள் என்பதால் அந்த எடுகோள் முழுமையாகப் பொருந்தாது. பழுதின் வாய்ப்பு வயதோடு மாறுவதையும் காட்டக்கூடிய, ஸ்வீடனைச் சேர்ந்த வெய்புல் 1951இல் விளக்கிய நிகழ்தகவுப் பரவல் அதற்கு மேலும் பொருத்தம். ஆயினும் 300க்கும் 1,000க்கும் உள்ள தூரம், கழற்றிய நல்ல பாகங்களை மறந்துவிடுவதன் விலையைக் காட்டப் போதுமானது. மருத்துவர்கள் இந்தச் சிக்கலை நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஆய்வின் நடுவே ஊர் மாறிப் போன நோயாளி செத்தவருமல்ல, முழுக்காலமும் வாழ்ந்தவருமல்ல. அவரை எப்படி எண்ணுவது என்பதற்கு 1958இல் கப்லன், மையர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன முறையைத்தான் நாங்களும் எஞ்சின்களுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

அந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: பாகம் கழற்றப்பட்டதற்கும் அது பழுதடையும் தறுவாயில் இருந்ததற்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இங்கேதான் அப்பா எனது கணக்கைக் கவிழ்த்தார். எஞ்சின் ஓடும்போது அதன் பின்புறத்திலிருந்து ஒரு நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டிருக்கும். அது மெலிந்தால் இம்பெலர் போகப் போகிறது என்று பொருள். வள்ளக்காரர் பெரும்பாலானோர் அதைப் பார்த்துப் பழகியவர்கள். அப்பாவோ கொட்டிலுக்கு வரும் எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கி ஓடவிட்டு, தாரையின் மேல் உள்ளங்கையை வைத்து அதன் தள்ளுதலையும் சூட்டையும் பார்த்து முடிவெடுப்பார். ஆகவே ‘நல்ல நிலையில் கழற்றப்பட்டவை’ என்று நான் எண்ணியவற்றில் பல, இன்னும் சில நாட்களில் கிழிந்திருக்கக் கூடியவை. அவருடைய உள்ளங்கை ஒரு சென்சர். அதன் அளவீடு எந்த நிரலிலும் பதியப்படவில்லை, ஆனால் எல்லா நிரல்களையும் அதுதான் தீர்மானித்திருக்கிறது. விமானத் தளங்களிலும் இதே கதைதான். அனுபவமுள்ள தொழில்நுட்பவியலாளர், பதிவேட்டில் எழுத முடியாத ஏதோ ஒரு காரணத்துக்காக ஒரு பாகத்தைச் சற்று முன்னதாக மாற்றுவார். தரவில் அது காரணமற்ற கழற்றலாகத் தெரியும்.

அடுத்ததாக மணித்தியாலம் பற்றியது. கொப்பியில் நாட்கள்தான் இருந்தன, எஞ்சின் ஓடிய மணித்தியாலங்கள் இல்லை. வடகீழ்ப் பருவத்தில் இந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும்போது சிறு வள்ளங்கள் வாரக்கணக்கில் மணலில் கிடக்கும். அந்த நாட்களைக் கழித்துவிட்டால் ஓரளவு ஓடிய காலம் கிடைத்துவிடும் என்று நினைத்து, நவம்பர் முதல் ஜனவரி வரையான மாதங்களை நீக்கினேன். அப்பா திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, வாடைக்கு ஓடாமக் கிடந்த எஞ்சின்தான் எனக்கு முதல்ல வாறது. அந்த மாசத்தையே வெட்டிப் போட்டா எப்பிடி?”

அவர் சொன்னது சரி. நீண்ட நாள் அசையாமல் இருக்கும் இம்பெலரின் ரப்பர் இதழ்கள் வளைந்த நிலையிலேயே இறுகிவிடுகின்றன. உள்ளே தங்கிய உப்புநீர் வற்றி, நீர்வழிகளில் கல்லாகப் படிகிறது. எஞ்சின் ஓடாத நாளிலும் வயது ஏறுகிறது, வேறொரு கடிகாரத்தில். 2020இல் பெருந்தொற்றின்போது உலகெங்கும் விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டதன் பிறகு நடந்ததும் இதுவே. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், தொடர்ந்து ஏழு நாட்களோ அதற்கு மேலோ நிறுத்தப்பட்டிருந்த போயிங் 737 ரக விமானங்கள் பலவற்றில், எஞ்சினின் காற்று வால்வு ஒன்றை மீண்டும் பறக்கும் முன் சோதிக்க வேண்டும் என்று அவசர ஆணை பிறப்பித்தது. வால்வு துருவேறித் திறந்தபடியே இறுகிவிட்டதால் பறப்பில் ஓர் எஞ்சின் நின்றுபோனதாக நான்கு முறைப்பாடுகள் வந்திருந்தன. பறந்த மணித்தியாலத்தை மட்டும் எண்ணும் எந்த மாதிரிக்கும் அந்த விமானங்கள் முந்திய வாரத்தைவிட ஒரு நிமிடம்கூட மூத்தவை அல்ல.

எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்பதன் மிகக் கொடிய எடுத்துக்காட்டு ஹவாயில் நிகழ்ந்தது. 1988 ஏப்ரல் 28 அன்று, அலோகா எயர்லைன்ஸின் 243ஆம் இலக்கப் பறப்பான போயிங் 737-200 விமானத்தின் முன்பகுதிக் கூரை, 24,000 அடி உயரத்தில் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானிகள் மிச்சமிருந்த விமானத்தை மௌயி தீவில் இறக்கினார்கள். அந்த விமானம் 35,496 மணித்தியாலங்கள் மட்டுமே பறந்திருந்தது, 19 வயது விமானத்துக்கு அது மலைக்கவைக்கும் எண் அல்ல. ஆனால் ஏறி இறங்கிய தடவைகள் 89,680. வகுத்துப் பார்த்தால் ஒரு பறப்பு சராசரியாக 24 நிமிடம்: தீவுக்குத் தீவு தாவும் பறப்புகள். ஒவ்வொரு தடவையும் உடற்பகுதி காற்றடைத்து விரிந்து, இறங்கும்போது சுருங்கும். தகடுகளை ஒட்டிய பசை விட்டுப்போன இடத்தில் ஆணித்துளைகள் அந்தச் சுமையைத் தாங்கி விரிசல் கண்டன. அதன் மேல் கடற்காற்றின் அரிப்பு. ஏறும்போதே கதவருகே ஒரு விரிசலைக் கண்டதாகவும், எவரிடமும் சொல்லவில்லை என்றும் ஒரு பயணி பிறகு கூறியது விசாரணையில் பதிவாகியிருக்கிறது. மணித்தியாலம், ஏறியிறங்கிய எண்ணிக்கை, உப்பு என மூன்று கடிகாரங்கள் அந்த விமானத்தில் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. முதலாவது மட்டும் மெதுவாக ஓடியது.

உப்பு எஞ்சினுக்குள்ளும் போகும். கடற்கரையோரத் தளங்களில், உள்ளிழுத்த காற்றை அழுத்தும் அமுக்கியின் அலகுகளில் உப்புப் படியும்போது, அதே உந்துவிசைக்கு அதிக எரிபொருள் தேவைப்பட்டு, வெளியேறும் வாயுவின் வெப்பநிலை மெல்ல ஏறும். நீரால் கழுவியதும் அந்த வரைபடம் பளிச்சென்று கீழே இறங்கும். இது மீளக்கூடிய இழப்பு. மீளாத இழப்பு அடுத்த கட்டத்தில் உண்டு: கடலுப்பின் சோடியமும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேற்றாகி, 900 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் சுழலி அலகுகளின் காப்புப் படலத்தைத் தின்னும். தரவில் இரண்டுமே வெப்பநிலை உயர்வாகத் தெரிய வாய்ப்புண்டு. எது கழுவினால் போவது, எது போகாதது என்பதை வரைபடத்தின் சரிவும், கழுவிய நாளின் குறிப்பும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். கழுவிய நாளை யாரும் எழுதாவிட்டால், மாதிரி அந்த எஞ்சின் தானாகவே இளமை திரும்பியது என்று கற்றுக்கொள்ளும்.

பழுதைத் தேடித் திறப்பதே பழுதைக் கொண்டுவரும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில், பிரித்தானிய விமானப் படையின் கரையோரப் பிரிவில் வாடிங்டன் என்ற உயிரியலாளர் லிபரேட்டர் விமானங்களின் பழுதுகளை, கடைசிப் பரிசோதனையிலிருந்து கடந்த மணித்தியாலங்களின்படி அடுக்கிப் பார்த்தார். ஐம்பது மணித்தியாலத்துக்கு ஒருமுறை செய்யப்பட்ட பரிசோதனைக்குப் பிறகு பழுதுகள் குறைவதற்குப் பதிலாகக் கூடி, பிறகே படிப்படியாகத் தணிந்தன. போர்க்காலத்தில், எங்கள் ஊருக்கு அருகே சீனக்குடா விமானத்தளத்திலும் இதே படையின் தொழிலாளர்கள் இப்படித்தான் அட்டவணைப்படி எஞ்சின்களைத் திறந்து மூடியிருப்பார்கள் என்று, இன்று அங்கிருந்து எழும் பயிற்சி விமானங்களின் இரைச்சலைக் கேட்கும்போது நினைத்துக்கொள்வேன். வாடிங்டனின் பதிவுகள் 1973இல்தான் நூலாக வெளிவந்தன. அப்பா அவரைக் கேள்விப்பட்டதில்லை. ஓடுகிற எஞ்சினைத் திறக்கச் சொல்லும் வாடிக்கையாளரிடம் அவர் சண்டைக்குப் போவதை மட்டும் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

தவறுகள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல என்பதைச் சி-மேப்ஸ் தொகுதியோடு 2008இல் நடந்த போட்டி அழகாகச் சூத்திரத்தில் வைத்திருந்தது. ஆயுளைக் குறைத்து மதிப்பிட்டால் ஒரு தண்டம், கூட்டி மதிப்பிட்டால் அதைவிடக் கூடிய தண்டம், இரண்டுமே பெருக்குத் தொடராக ஏறும். 30 பறப்புகள் குறைத்துச் சொன்னால் ஏறக்குறைய 9 புள்ளி; 30 பறப்புகள் கூட்டிச் சொன்னால் 19. இந்த விகிதம் எங்கிருந்து வர வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். இம்பெலரை வீணாக மாற்றினால் போவது ஒரு நாள் கூலிக்கும் குறைவு. நிலாவெளிக்கு அப்பால் இருட்டில் எஞ்சின் நின்றால், அலைபேசிக்கு எட்டாத தூரத்தில் இருவர். அவரைப் பொறுத்தவரை 9க்கு 19 என்பது மிகவும் தாராளமான விகிதம். நான் எனது மாதிரியின் தண்டத்தை மாற்றினேன். சராசரிப் பிழை கூடியது, தாமதமான எச்சரிக்கைகள் குறைந்தன. சராசரியை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு எனது புதிய மாதிரி பழையதைவிட மோசமானதாகத் தெரியும்.

விடுமுறை முடிவதற்குள் புதிய சீஆர் கொப்பி ஒன்றில் அப்பாவுக்கு நிரல்கள் கீறிக் கொடுத்தேன். நாள், எஞ்சின், பாகம், கடைசியாகக் கடலுக்குப் போன நாள், நன்னீரில் கழுவினாரா, தாரை எப்படி இருந்தது, கழற்றிய காரணம். காரணத்துக்கு இரண்டே குறியீடுகள் வைத்தேன்: 1 என்றால் பழுது, 2 என்றால் முன்கூட்டிய மாற்றம். கடன் பாக்கிக்கு நிரல் இல்லையே என்று முறைப்பட்டார், அதையும் சேர்த்தேன்.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பிறகு, தங்கை முதல் மாதத்துப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினாள். எழுத்து ஒழுங்காகவே இருந்தது. காரண நிரலில் ஒன்றும் இரண்டும் கலந்து வந்து, நடுவே நான் வைக்காத 3 என்ற குறியீடு ஐந்தாறு இடங்களில் இருந்தது. அது என்னவென்று தொலைபேசியில் கேட்டேன்.

“அது பிள்ளை, இம்பெலர் போய்க் கன நாள். இப்பதான் அவையளுக்கு மாத்தக் காசு வந்தது.”

எனது நிரலாக்கத்தில் அந்த வரிகளைப் பழுது என்று எண்ணுவதா, கழற்றல் என்று எண்ணுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பழுதடைந்த நாள் தெரியாது. அந்த நாளுக்கும் மாற்றிய நாளுக்கும் இடையே அந்த வள்ளங்கள் கடலுக்குப் போயிருக்கின்றன.